சகலைக்கு ஒரு ரயில்

இந்த ஒரு விஷயத்திலாவது என் சகலையை ஜெயித்தே தீருவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, காலில் இருந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் சபதம் செய்தேன்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். வேறோர் ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். கற்றுக்கொடுக்கிற பழக்கம் காரோடு நிற்கவில்லை. போன முறை வந்தபோது என் வீட்டு ஜன்னலை எப்படித் திறப்பது என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார். அதைவிடக் கொடுமை, அவர் சொன்ன மாதிரி திறந்தால்தான் அது சத்தம் போடாமல் திறக்கிறது. நாமாக எதையாவது கேட்க வாயெடுத்தால் போதும், "அது உங்களுக்குத் தெரியாதா சகலை?" என்பார். எத்தனையோ பேர் என்னை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இந்த அளவுக்குத் தைத்ததில்லை.

அன்று அவர்தான் போன் செய்தார். அடுத்த மாதம் இரண்டு பேரும் வருகிறோம், உங்கள் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர மூன்று ரயில் இருக்கிறதாமே, அதில் எது நல்லது என்று கேட்டார்.

நான் இந்த ஊரில்தான் தலை நரைத்தேன். ஆனால் விமான நிலையத்துக்குப் போனதெல்லாம் யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால்தான். மூன்று ரயில் இருக்கிறது என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது. "அது வந்து..." என்று இழுத்தேன். மறுமுனையிலிருந்து அந்த வாக்கியம் வந்தது.

போனை வைத்தேன். மூன்று ரயிலிலும் நானே ஏறி, இறங்கி, அளந்து, இனி இந்த ஊரில் ரயிலைப் பற்றி என்னைக் கேட்காமல் ஒருவரும் பெட்டியைத் தூக்கக்கூடாது என்ற நிலைக்கு வருவது என்று முடிவு செய்தேன்.

என் தொழிலும் அப்படி. கடைகளில் இருக்கும் தராசுகளும் எடை மெஷின்களும் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளன் நான். பை நிறைய இரும்பு எடைக்கற்களோடு கடை கடையாகப் போகிறவன். நிறுத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். கல்யாணம் ஒன்றைத்தான் நிறுத்துப் பார்க்காமல் செய்துகொண்டேன். அதனால்தான் வீட்டுத் தராசில் என் தட்டு எப்போதும் மேலேயே தொங்குகிறது.

மனைவி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். பல்லைப் பிடுங்க விடமாட்டேன் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களிடம், "காலையில வர்றீங்களா, சாயங்காலம் வர்றீங்களா?" என்று மட்டும் கேட்பாள். அவர்களும் யோசித்து, சாயங்காலம் என்பார்கள். வருவதா வேண்டாமா என்ற கேள்வி எங்கே போயிற்று என்பது அவர்களுக்குப் பல் போன பிறகுதான் உறைக்கும்.

என் சபதத்தை அவளிடம் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நல்ல ரயில்னா யாருக்கு நல்லது?"

"ரயில் நல்லதுன்னா எல்லாருக்கும் நல்லதுதானே? எது சீக்கிரமா கொண்டுவந்து விடுதோ அது."

"அப்ப சரி. லீவு நாள்ல போய்ப் பாத்துட்டு வாங்க."

இங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். லீவு நாளில் முடிவெட்டிக்கொள்ளப் போவதென்றாலே எங்கள் வீட்டில் இரண்டு கட்டப் பேச்சுவார்த்தை நடக்கும். பரணில் ஏறித் தூசி தட்டுவது, சமையலறைக் குழாய்க்கு வாஷர் போடுவது என்று எனக்காகக் காத்திருக்கும் வேலைகள் வரிசையில் நிற்கும். அன்றைக்கு அவை எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி, கயிறு எங்கே என்று கேட்குமா? நானும் கேட்கவில்லை.

முதல் சோதனை அதிவேக ரயில். வழியில் எங்கேயும் நிற்காமல் நேராக ஊருக்குள் வருவது. கிளம்பும்போது மனைவி ஒரு நியாயம் சொன்னாள். வரப்போகிறவர் பெட்டியோடு வருவார், நீங்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தால் அது சரியான சோதனை ஆகுமா என்றாள். அளவை ஆய்வாளனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் அவன் என்ன செய்வான்? பரணிலிருந்து சூட்கேசை இறக்கினேன். அதில் ஒரு சக்கரம் நொண்டி. பரவாயில்லை, அந்த ரயில் போய் நிற்கிற பெரிய ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் பெட்டி ரிப்பேர் கடை இருக்கிறது, அப்படியே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் என்றாள். எனக்கும் சரியென்று பட்டது. சகலையின் சாமான் இருக்கக்கூடிய எடைக்கு, அலுவலகப் பையிலிருந்த எடைக்கற்களைத் துணியில் சுற்றி உள்ளே அடுக்கினேன்.

பஸ்ஸில் விமான நிலையம் போய்ச் சேர்ந்தேன். அப்போதுதான் இறங்கி வந்த பயணி மாதிரி முகத்தைக் களைப்பாக வைத்துக்கொண்டு, வெளியே வருகிறவர்களோடு கலந்து ரயிலை நோக்கி நடந்தேன். பெட்டி நொண்டியது. உள்ளே இரும்பு பேசியது. காவலர் ஒருவர் கையைக் காட்டினார்.

"உள்ள என்ன இருக்கு?"

"எடை."

"எடை இருக்கிறது தெரியுது. என்ன எடை?"

"வெறும் எடைதாங்க."

அவர் திறக்கச் சொன்னார். கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எந்த விமானத்தில் வந்தீர்கள் என்றார். எதிலும் வரவில்லை என்றேன். எங்கே போகிறீர்கள் என்றார். வீட்டுக்கு என்றேன். எங்கேயிருந்து என்றார். வீட்டிலிருந்து என்றேன். உண்மையை மட்டுமே பேசுகிறவன் இவ்வளவு சந்தேகத்துக்கிடமாக இருப்பான் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. கடைசியில் அடையாள அட்டையைக் காட்டி, சகலையைப் பற்றியும் முழுதாகச் சொன்னேன். அவருக்கும் ஒரு சகலை இருந்தார் போலிருக்கிறது. கற்களை அவரே அடுக்கிக் கொடுத்து அனுப்பினார்.

அதிவேக ரயில் வேகமாகத்தான் போனது. ஆனால் முழுக்கச் சுரங்கம். ஜன்னலில் என் முகத்தைத் தவிர வேறு காட்சி இல்லை, அதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பக்கத்தில் இருப்பவர் யார் என்று திரும்புவதற்குள் பெரிய ஸ்டேஷன் வந்துவிட்டது. அது ஊரின் ஒரு கோடி. என் வீடு மறு கோடி. பெட்டியைக் கடையில் கொடுத்துவிட்டு, கற்களைக் கையில் சுமந்துகொண்டு, நெரிசலில் பஸ் மாறி வீடு வந்தபோது, ரயிலில் மிச்சம் பிடித்த நேரத்தை வட்டியோடு பஸ்காரன் வாங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது, நடுவில் இறங்கி மாற வேண்டிய ரயில். வரைபடத்தில் அது மிகவும் சமத்தாக இருந்தது. மாறுமிடத்தில் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள், படியேறி, படியிறங்கி, மறுபடி ஏறி, ஒரு கட்டத்தில் என்னைப் போலவே வழி தேடிக்கொண்டிருந்த ஒருவரிடம் வழி கேட்டு, அவர் என்னிடம் கேட்டு, இரண்டு பேரும் சேர்ந்து தப்பாகப் போனோம். லிஃப்ட் இருந்தது. "இயங்காது" என்ற பலகையும் இருந்தது. பலகை பழையது.

அந்த மாறுமிடத்திலேயே ஒரு செருப்புத் தைக்கும் கடை. மனைவி அடி மாற்றக் கொடுத்திருந்த நடைப்பயிற்சி ஷூவை வாங்கிவரச் சொல்லியிருந்தாள்.

"நீ எப்ப நடக்க ஆரம்பிச்சே?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"டாக்டர் நடக்கச் சொன்னார்."

"எந்த டாக்டர்? பல் டாக்டரா?"

"அவரும் டாக்டர்தானே?"

ஷூவை அவள் காலடியில் வைத்தேன்.

மூன்றாவது சாதா ரயில். எல்லா ஸ்டேஷனிலும் நிற்பது. கடைசியில் சோதித்தால் போதும் என்று நான் ஒதுக்கிவைத்திருந்தது அதைத்தான். அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

விமான நிலையத்தை விட்டதும் அது தரைக்கு மேலே வந்துவிடுகிறது. எதிர் வரிசையில் இரண்டு விமானப் பணிப்பெண்கள் ஷூவைக் கழற்றிவிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வாய் திறந்து தூங்கினார்கள். விமானத்தில் அவர்கள் சிரிக்கிற சிரிப்பை மட்டுமே நாம் பார்த்திருக்கிறோம். புதிதாக இந்த ஊருக்கு வந்த ஒரு குடும்பம், பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்கி, அதற்குப் பின்னாலிருந்து ஜன்னலை எட்டிப் பார்த்தது. அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று நானும் திரும்பினேன்.

வீடுகளின் முதுகு தெரிந்தது. தெருப்பக்கம் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற வீடுகள் எல்லாம் ரயில் பக்கம் பனியனோடு நின்றன. ஒரு மொட்டைமாடியில் ஒருவர் தனியாக நாற்காலி போட்டு, எதிரே ஆளில்லாமல் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் நூறு பழைய பஸ்கள் சக்கரமில்லாமல் புல்லில் படுத்திருந்தன. ஒரு தொழிற்சாலை முற்றத்தில் தலையில்லாத துணிக்கடைப் பொம்மைகளை வெயிலில் காயவைத்திருந்தார்கள். தலைகளை எங்கே காயவைப்பார்கள்? அது தெரிவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு ஒரு தெரு தள்ளி இருக்கிற ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான், நேரம் பார்க்க மறந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. சோதனை செல்லாது. அடுத்த லீவு நாளில் மறுசோதனைக்குப் போனேன். அந்த முறை தலைகள் தெரிந்தன, ஒரு கொட்டகையில் வரிசையாக. ஆனால் மாடிச் சொற்பொழிவாளரைக் காணோம். அவருக்கு என்ன ஆயிற்றோ என்று அதற்கடுத்த வாரமும் போனேன். மனைவி ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் அனுப்பிவைத்தாள். வழியில் இந்த ஸ்டேஷனில் இறங்கினால் மழைக்கோட்டு, அந்த ஸ்டேஷனில் இறங்கினால் மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு என்று சின்னச் சின்ன வேலைதான் சொன்னாள். ஆராய்ச்சிக்கு இவ்வளவு ஒத்துழைக்கிற மனைவிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அன்றன்றைக்குக் கண்டதைச் சொல்வேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் அவள் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்டாள். எந்தப் பெட்டியில் ஏறினால் லிஃப்ட் பக்கத்தில் இறங்கலாம், சூட்கேஸ் வைக்க இடம் எங்கே, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்குப் பேச்சு அருவியாகக் கொட்டியது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி, "ஊருக்குள்ளேர்ந்து விமான நிலையம் போறதுக்கும் அதே நேரம்தான் ஆகுமா?" என்றாள்.

நான் சிரித்தேன். வருகிறவர்கள் இன்னும் வரவே இல்லை, அதற்குள் வழியனுப்பப் பார்க்கிறாயா என்றேன். அவளும் சிரித்தாள். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தாள். அதே நேரம்தான் என்று சொன்னேன்.

நாள் நெருங்கியதும் சகலைக்கு நானே போன் செய்தேன். சாதா ரயில்தான் என்றேன். அவர் அதிவேக ரயில்தான் என்றார். எல்லாம் படித்துவிட்டேன் என்றார். நான் எல்லாவற்றிலும் போய்விட்டேன் என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். நான் அன்று இரண்டு முறை காபி குடித்தேன்.

மனைவி ஒரு விஷயம் மட்டும் எச்சரித்தாள். அத்தானுக்குக் கொஞ்ச நாளாக உடம்பு தளர்ச்சி, தனியாக விட்டால் ஒரு மாதிரி ஆகிவிடுகிறார், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்த்து எதுவும் பேசாதீர்கள் என்றாள். தோற்கப்போகிறவரிடம் பெருந்தன்மையாக நடப்பதில் எனக்கு என்ன கஷ்டம்? சரி என்றேன்.

அவர்கள் வருகிற நாளில் அவளும் கூட வருவதாகச் சொன்னாள். அக்காவுக்குக் கொஞ்சம் சாமான் கொடுக்க வேண்டும் என்று சூட்கேசையும் எடுத்துக்கொண்டாள். அதைத் தூக்குவது என் பொறுப்பு, வீட்டைப் பூட்டுவது அவள் பொறுப்பு. ஸ்டேஷன் வரையிலும் பெட்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் உருண்டது. சாதா ரயிலில், எதிர்த்திசையில், அவளுக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே போனேன். பஸ்களைப் பார்த்தாள். பொம்மைத் தலைகளைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவளோடு இப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

விமான நிலையத்தில் அவர்கள் வெளியே வந்தார்கள். சகலை கையில் ஒரு பெரிய பெட்டி. அவருக்கு உடம்பு தளர்ச்சி எதுவும் தெரியவில்லை. அக்கா தோளில் சின்னப் பை, காலில் புதிய நடைப்பயிற்சி ஷூ. நலம் விசாரித்து முடித்ததும், கிளம்பலாமா, ரயிலுக்கு இந்தப் பக்கம் என்று நான் முன்னால் நடந்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க," என்றாள் மனைவி. "எங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"எதுக்கு நேரம்?"

"விமானத்துக்கு."

சகலையின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியதைப் பார்த்தேன். எதிரே ஆபத்து வந்தால் அவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடும், தொழில் அப்படி. தரையில் பிரேக் இல்லை.

அக்காதான் விளக்கினாள். மலைமேல் ஒரு ஏரி இருக்கிறதாம், அதைச் சுற்றி நடந்தே வரலாமாம், அங்கே போகிற விமானம் இந்த ஊரிலிருந்துதான் கிளம்புகிறதாம். சின்ன வயதிலிருந்து இரண்டு பேருக்கும் ஆசையாம். பத்து நாளில் வந்துவிடுவார்களாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றேன்.

"போன வருஷம் சொன்னேங்க. நானும் போயிட்டா வீட்ல ஆள் வேண்டாமான்னு கேட்டீங்க. அத்தானும் அக்காகிட்ட அதையேதான் கேட்டாராம்." மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இப்ப ஒரு வீட்டுக்கு ரெண்டு ஆள் இருக்கீங்க."

அந்தச் சூட்கேசின் சக்கரத்தைச் சரி செய்தவன் நான். ஷூவை வாங்கி வந்தவன் நான். மழைக்கோட்டு, கண்ணாடிக் கயிறு, எல்லாம் நான். விமான நிலையத்துக்கு எந்த ரயிலில் வரலாம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவனும் நானே. கோபப்படலாமா என்று பார்த்தேன். ஆனால் எதை ஆட்சேபிப்பது என்று முடிவு செய்வதற்குள், "ஊருக்குப் போனதும் போன் பண்ணவா, படுக்கப் போறப்ப பண்ணவா?" என்று கேட்டாள். நான் யோசித்து, போனதும் பண்ணு என்றேன். சொன்ன பிறகுதான் என் பல் போனது எனக்கு உறைத்தது.

அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்ததில் மனைவிக்குப் புரையேறியது. பாதி தூரம் போனவள் திரும்பி வந்து, "சாதா ரயில்லயே போங்க. பொம்மைக் கொட்டகை இடது பக்கம் வரும், அத்தானுக்குக் காட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். ஏமாந்தவனுக்கு இது ஓர் ஆறுதல்தான்.

எந்த ரயில் என்று விவாதிக்க எங்களுக்குத் தெம்பில்லை. கண்ணெதிரே நின்றதில் ஏறினோம். சாதா ரயில்தான். சகலை ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் காலை அழுத்தி ரயிலை நிறுத்தினார். பிறகு நான்தான், கவலைப்படாதீர்கள் சகலை, உங்கள் உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன், தனியாக விடமாட்டேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

"எனக்கு என்ன உடம்புக்கு?" என்றார். "உங்களுக்குத்தான் மறதி ஜாஸ்தியாயிடுச்சு, ரயில்ல ஏறி எங்கெங்கேயோ சுத்திட்டு வர்றீங்க, இரும்பைப் பெட்டியில போட்டுத் தூக்கிட்டுத் திரியறீங்க, போலீஸ்கூடப் பிடிச்சுதாமே. கூட இருந்து பாத்துக்கணும்னு சொல்லித்தானே என்னைக் கூட்டிட்டு வந்தாங்க?"

நான் மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். எடுத்து அடுக்கிப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. மூடிக்கொண்டேன். பொம்மைக் கொட்டகை வந்தது. காட்டினேன். அவர் எழுந்து கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தார். "தலைக்கு ஏன் தனியாப் பெயின்ட் அடிக்கிறாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். எனக்கும் தெரியாது என்றார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

வீட்டு வாசலுக்கு வந்தோம். சட்டைப் பையில் கையை விட்டேன். கால்சட்டைப் பையில் விட்டேன். சாவி இல்லை. வீட்டைப் பூட்டியவள் அவள். சாவி இப்போது மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வருத்தத்தைவிட உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சிதான் பரவியது. இவ்வளவு நுணுக்கமாகத் திட்டம் போட்டவள் இதைக் கோட்டைவிட்டுவிட்டாளே. இறங்கியதும் போன் செய்வாள், அப்போது வைத்துக்கொள்கிறேன் என்று வாசகங்களைக்கூடத் தயார் செய்தேன்.

சகலை கொஞ்ச நேரம் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு தம் சட்டைப் பையிலிருந்து என் வீட்டுச் சாவியை எடுத்தார். உங்களிடம் கொடுத்தால் ரயிலில் விட்டுவிடுவீர்கள் என்று விமான நிலையத்திலேயே அவரிடம் கொடுத்துவிட்டாளாம். அவரே பூட்டைத் திறந்தார். அவரே விளக்கைப் போட்டார். ஒதுங்கி நின்று கதவைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து அன்பாகச் சொன்னார்:

"வாங்க சகலை, உள்ள வாங்க. கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க."